ஐஸ் இல்லாத வகுப்பில் காக்டெய்ல் கற்றுத்தர முடியாது: பார்டெண்டிங் பயிற்சிப் பள்ளிக்கு ஒரு திறந்த மடல்

பள்ளியின் நிர்வாகிகளுக்கும் ஆசிரியர்களுக்கும்,

நீங்கள் அனுப்பிய புதிய பாடத்திட்டத்தைப் படித்தேன். 8 வாரப் பயிற்சி இனி 4 வாரம். செய்முறை வகுப்பில் இனி மதுவும் கிடையாது, பழச்சாறும் கிடையாது, ஐஸும் கிடையாது. நிறம் கலந்த தண்ணீர் நிரப்பிய பாட்டில்களும் பிளாஸ்டிக் ஐஸ் கட்டிகளும் போதும் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். மனப்பாடம் செய்ய வேண்டிய பானங்கள் மட்டும் 60இலிருந்து 120 ஆகிவிட்டன. பாட்டிலைச் சுழற்றி வீசிப் பிடிக்கும் ஃபிளேருக்கு முழுசாக ஒரு வாரம். குடித்து நிதானம் இழந்தவரை எப்படிக் கையாள்வது என்ற பாடத்தை, வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் ஒரு வீடியோவாக மாற்றிவிட்டீர்கள்.

நான் உங்கள் பள்ளியில்தான் படித்தேன். 11 வருடமாக பார் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். கடைசி 5 வருடமாக பார் பொறுப்பும் என்னுடையது. ஒவ்வொரு பேட்ச்சிலும் உங்கள் மாணவர்கள் இரண்டு மூன்று பேராவது வேலை பழக என்னிடம் வருகிறார்கள். கடைசி இரண்டு பேட்ச்சையும் சோதனையாக இந்தப் புதிய முறையில்தான் பயிற்றுவித்தீர்கள் என்பது பாடத்திட்டத்தோடு வந்த கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இந்த ஆறு மாதமாக என் கவுண்டரில் நடந்தவற்றுக்கெல்லாம் காரணம் அப்போதுதான் புரிந்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை இரவு. கவுண்டரில் இரண்டு வரிசை ஆட்கள், ஆர்டர் சீட்டுகள் தொங்கிக்கொண்டே இருக்கின்றன. உங்களிடமிருந்து வந்த தம்பி ஒருவன் ஐஸ் தொட்டிக்குள் கண்ணாடி டம்ளரையே விட்டு அள்ளிக்கொண்டிருந்தான். ஐஸ் அள்ளும் கரண்டியான ஸ்கூப் கைக்கு எட்டும் தூரத்தில்தான் தொங்கியது. நான் பார்த்துச் சத்தம் போடுவதற்குள் டம்ளரின் விளிம்பு தெறித்துவிட்டது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால் வயிறு கலங்கும். ஐஸுக்குள் விழுந்த கண்ணாடித் துண்டு கண்ணுக்குத் தெரியாது. பொறுக்கி எடுத்துவிட்டோம் என்று யாரும் உறுதியாகச் சொல்லவும் முடியாது. செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: மொத்த ஐஸையும் வெந்நீர் ஊற்றி உருக்கி, வடிகாலில் தங்கிய துண்டுகளை எடுத்து, தொட்டியைத் துடைத்துக் கழுவி, புது ஐஸ் நிரப்ப வேண்டும். அதைத்தான் செய்தோம். அரை மணி நேரம் கவுண்டர் நின்றுபோனது.

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, "வகுப்பில் ஐஸை எப்படி அள்ளுவீர்கள்?" என்று கேட்டேன். "பிளாஸ்டிக் கட்டிதானேக்கா, கையாலேயே எடுத்துப் போடுவோம்" என்றான். அவன் செய்தது அவனுக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான். அதற்கு நான் யாரைத் திட்டுவது?

இன்னொரு பெண். நல்ல சூட்டிகை. எந்தப் பானத்தைக் கேட்டாலும் மில்லி கணக்கோடு ஒப்பிப்பாள். டாக்கிரி என்றால் ரம் 60 மில்லி, புதிதாகப் பிழிந்த லைம் சாறு 20 மில்லி, பார் ஸ்பூனில் இரண்டு சர்க்கரை. சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் பட்டியலில் இருக்கும் அதே அளவு, ஒரு மில்லி பிசகாது. சரி, ஒன்று போடு என்றேன். ஷேக்கரில் எல்லாவற்றையும் ஊற்றி, ஐஸ் போட்டு, நான்கைந்து முறை மெதுவாக ஆட்டிவிட்டு வடித்துக் கொடுத்தாள். வாயில் வைத்தேன். லேசான குளிர்ச்சிதான் இருந்தது. ரம் தொண்டையை எரித்தது, லைம் பல்லைக் கூசவைத்தது, சர்க்கரை கிளாஸின் அடியிலேயே கிடந்தது. அளவு எல்லாம் சரி, பானம்தான் தப்பு. "எப்போது நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொண்டாய்?" என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை.

புரியாது. பிளாஸ்டிக் கட்டி உருகுவதில்லை. முழு மூச்சில் ஷேக்கரை ஆட்டும்போது, முதலில் கட்டிகள் மோதும் சத்தம் முரட்டுத்தனமாக இருக்கும். நொடிகள் போகப் போக ஓரங்கள் மழுங்கி, சத்தம் மென்மையாகிக்கொண்டே வரும். உலோகத்தின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்து, விரல் நுனி ஒட்டுவது போல இருக்கும். 10, 12 நொடியில் கை சொல்லிவிடும், போதும் என்று. இந்தச் சத்தத்தையும் இந்தக் குளிரையும் எந்தப் புத்தகத்திலும் அச்சடிக்க முடியாது. ஒருமுறை கேட்டவர்களுக்குத்தான் அடுத்த முறை அடையாளம் தெரியும்.

ஐஸை நீங்கள் ஏதோ அலங்காரச் செலவு போலக் கணக்கில் எழுதியிருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது பானத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் ஐஸ் உருகினால் 80 கிராம் தண்ணீரின் வெப்பநிலை ஒரு டிகிரி இறங்கிவிடும். அதாவது குளிர்வதும் தண்ணீர் சேர்வதும் ஒரே வேலை. ஒன்றை விட்டு ஒன்று நடக்காது. நன்றாகக் குலுக்கிய பானம் பூஜ்ய டிகிரிக்கும் கீழே போகும். கிளாஸில் இருப்பதில் ஏறத்தாழ கால் பங்கு உருகிய தண்ணீராக இருக்கும். அந்தக் கால் பங்கு எந்தச் செய்முறைப் பட்டியலிலும் எழுதப்படுவதில்லை. அதை ஊற்றுவது பார்டெண்டரின் கை. உங்கள் 120 பானங்களிலும் இப்படி ஒரு பொருள் விட்டுப்போயிருக்கிறது.

இது புதிதாக யாரோ கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1806ஆம் ஆண்டு, நியூயார்க் மாகாணத்தில் வந்த ஒரு செய்தித்தாள் காக்டெய்ல் என்றால் என்ன என்று ஒரு வாசகருக்கு விளக்கியது. ஏதாவது ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு, இந்த நான்கும் சேர்ந்ததுதான் என்று பதில் சொன்னது. தண்ணீர் அன்றைக்கே பட்டியலில் பேர் சொல்லி இருந்தது.

நான் படித்தபோது உங்கள் பள்ளியில் இருந்த ஒரு ஆசிரியர் முதல் வாரம் முழுக்க எங்களை ஒரே ஒரு டாக்கிரியைத்தான் போடவைத்தார். பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் எழுதவில்லை. ஒரே அளவில் மூன்று கிளாஸ். ஒன்றை 5 நொடி குலுக்க வேண்டும், ஒன்றை 12 நொடி, ஒன்றை 30 நொடி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைக்கச் சொன்னார். முதலாவது எரிந்தது. மூன்றாவது சப்பென்று இருந்தது. நடுவில் இருந்ததை வாயில் வைத்தபோது, ரம்மும் லைமும் சர்க்கரையும் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே பானமாக இருந்தது. அன்றைக்கு அந்த மேசையின் முன்னால் நின்றபோதுதான் எனக்கு இந்தத் தொழில் பிடித்துப்போனது. இன்றைக்கும் என்னிடம் வரும் யாருக்கும் அந்த மூன்று கிளாஸிலிருந்துதான் தொடங்குகிறேன்.

அடுத்த நாள் ஐஸ் இயந்திரத்திலிருந்து அப்போதே எடுத்த ஐஸையும், தொட்டியில் கிடந்து ஈரம் பூத்த ஐஸையும் கொடுத்து வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொன்னார். ஈர ஐஸ் மேல் ஒட்டியிருக்கும் தண்ணீர் ஷேக்கருக்குள் முதல் நொடியிலேயே பானத்தில் இறங்கிவிடும். அதற்கடுத்த நாள் நெக்ரோனி: ஜின், கம்பாரி என்ற கசப்பு மது, இனிப்பு வெர்மூத், மூன்றும் தலா 30 மில்லி. அதைக் குலுக்கக் கூடாது, கலக்க வேண்டும். ஏன் என்று அவர் சொல்லவில்லை. ஒன்றைக் குலுக்கியும் ஒன்றைக் கலக்கியும் எங்களையே பார்க்கவைத்தார். குலுக்கியது நுரைத்து, கலங்கி, அழுக்குத் தண்ணீர் போல நின்றது. கலக்கியது செம்மணி போலத் தெளிந்து நின்றது. சாறு, முட்டை, க்ரீம் இருந்தால் குலுக்கு, வெறும் மது வகைகள் மட்டும் என்றால் கலக்கு என்ற விதியை அதற்கப்புறம் யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வண்ணத் தண்ணீரில் இவற்றில் எதைக் கற்க முடியும்? ஊற்றும் வேகத்தைக்கூடக் கற்க முடியாது. கெட்டியான சிரப் ஒரு வேகத்தில் இறங்கும், ஜின் வேறு வேகத்தில் இறங்கும். இன்னொன்றும் இருக்கிறது. வண்ணத் தண்ணீர் கெடாது, வெர்மூத் கெடும். அது ஒயின் வகை. திறந்தால் குளிர்பெட்டியில் வைத்து, சில வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். போன பேட்ச் பிள்ளைகள் திறந்த பாட்டிலை விளக்கு வெளிச்சம் படும் அலமாரியில் அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். லைம் பிழிந்த கையோடு வெயிலில் நின்றால் தோல் கொப்பளிக்கும் என்பதையும் ஒரு தம்பி கை வெந்த பிறகுதான் தெரிந்துகொண்டான். எங்கள் ஆசிரியர் இதை முதல் நாளே சொல்லிக் கை கழுவவைப்பார்.

நேரில் பேசியபோது நீங்கள் சொன்ன காரணங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. மதுவுக்கு ஆகும் செலவு, உரிமம், அப்புறம் குடிப்பழக்கம் இல்லாத மாணவர்களும் சேர வேண்டும் என்பது. மூன்றாவதை நான் மதிக்கிறேன். ஆனால் என் அணியில் மிக நுட்பமான கை யாருடையது தெரியுமா? வாழ்க்கையில் ஒரு கிளாஸ்கூடக் குடிக்காத ஒரு பெண்ணுடையது. சுவை பார்க்கக் குடிக்க வேண்டியதில்லை. ஸ்ட்ராவைப் பானத்தில் இறக்கி, மேல் நுனியை விரலால் மூடி எடுத்தால் சில சொட்டு வரும். அதை நாக்கில் விட்டுத் துப்பிவிடலாம். அதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு, மது இல்லாமலேயே இந்தப் பாடத்தை நடத்த வழி இருக்கிறது. திடமாகக் காய்ச்சி ஆறவைத்த கறுப்புத் தேநீர், லைம், சர்க்கரைப் பாகு, நிஜ ஐஸ். ரம்முக்குப் பதில் தேநீர். துவர்ப்பு, புளிப்பு, இனிப்பு, தண்ணீர், குளிர் எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த மூன்று கிளாஸ் பாடத்தை அப்படியே செய்யலாம். செலவும் உரிமமும்தான் தடை என்றால், ஐஸையும் எலுமிச்சையையும் எதற்காக நிறுத்தினீர்கள்?

120 பானங்களை மனப்பாடம் செய்யச் சொல்வதையும் என்னால் ஏற்க முடியவில்லை. டாக்கிரி, மார்கரிட்டா, விஸ்கி சவர் மூன்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான்: ஒரு மது, ஒரு புளிப்பு, ஒரு இனிப்பு. மார்கரிட்டாவில் மது டெக்கீலா ஆகிறது, இனிப்பின் இடத்தில் ஆரஞ்சு மது வந்து உட்கார்கிறது, அவ்வளவுதான். இப்படி ஐந்தாறு குடும்பங்களைப் புரிந்துகொண்டவர் கேள்விப்படாத பானத்தைக்கூட ஊகித்துப் போட்டுவிடுவார். உங்கள் பிள்ளைகள் பட்டியலை ஒப்பிக்கிறார்கள், "கொஞ்சம் புளிப்பு கம்மியா வேணும்" என்று விருந்தினர் சொன்னால் திகைத்து நிற்கிறார்கள். லைம் எல்லாம் ஒரே புளிப்பில் காய்ப்பதில்லை. சுவைத்துப் பார்த்துச் சர்க்கரையைக் கூட்டிக் குறைக்கத் தெரியாதவருக்கு 20 மில்லி என்ற எண்ணால் என்ன பயன்?

ஃபிளேர் மேல் எனக்கு வெறுப்பில்லை. அது அழகான வித்தை, வருடக் கணக்கில் உழைத்துக் கற்றவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் 4 வாரத்தில் ஒரு வாரத்தை அதற்குக் கொடுத்துவிட்டு, அந்த வாரத்திலேயே உலர்பனியும் (உறையவைத்த கார்பன் டை ஆக்சைடு) திரவ நைட்ரஜனும் போட்டுப் புகை வரவைக்கும் பானங்களைச் செய்து காட்டப் போவதாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துப் பதறிவிட்டேன். உலர்பனியின் குளிர் மைனஸ் 78 டிகிரி, திரவ நைட்ரஜன் மைனஸ் 196. 2012இல் இங்கிலாந்தில் ஒரு இளம்பெண் தன் 18ஆவது பிறந்தநாளுக்கு இப்படி நைட்ரஜன் ஊற்றிய பானத்தைக் குடித்து, வயிற்றில் துளை விழுந்து, இரைப்பையையே அகற்ற வேண்டியதாயிற்று. ஐஸ் ஸ்கூப் பிடிக்கக் கற்றுத்தராத இடத்தில் இதைக் கற்றுத்தர உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

கடைசியாக ஒன்று. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வார நாள் இரவு. கவுண்டரின் ஓரத்தில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். சத்தம் இல்லை, தகராறு இல்லை. உங்கள் மாணவி ஒருத்தி அவரைக் கவனித்துக்கொண்டிருந்தாள். நான் சேமிப்பறையிலிருந்து திரும்பி வந்து சீட்டைப் பார்த்தபோது, இரண்டு மணி நேரத்தில் ஐந்து விஸ்கி, ஒவ்வொன்றும் 60 மில்லி. ஆறாவதற்கு பாட்டில் அவள் கையில் இருந்தது. அவர் பணத்தை எண்ண முடியாமல் ஒரே நோட்டை மூன்று தடவை எண்ணிக்கொண்டிருந்தார். பாட்டிலை வாங்கி வைத்துவிட்டு நான் போய் அவரிடம் பேசினேன். வண்டிச் சாவியை அவர் எங்களிடம் தர இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை தண்ணீரும் பேச்சுமாக உட்கார்ந்திருந்தோம். அப்புறம் வாடகை வண்டியில் ஏற்றி அனுப்பினோம்.

அந்தப் பெண் அழுதுவிட்டாள். "எனக்குத் தெரிஞ்சுதுக்கா, ஆனா எப்படி இல்லைன்னு சொல்றதுன்னு தெரியல" என்றாள். வீடியோவைப் பார்த்திருக்கிறாள். கேள்விகளுக்குச் சரியான பதிலும் டிக் செய்திருக்கிறாள். தன்னைவிட இரண்டு மடங்கு வயதான ஒருவரின் முகத்தைப் பார்த்து "இல்லை" என்று சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை. அவளுக்கு அந்தக் கணக்கும் தெரியவில்லை. 40 சதவீத மதுவில் 60 மில்லி என்றால் 24 மில்லி சுத்தமான ஆல்கஹால், எடையில் சுமார் 19 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நிலையான அளவு என்று வைத்திருப்பது 10 கிராம். அதாவது அவள் ஐந்து என்று நினைத்தது கிட்டத்தட்ட பத்து. ஒரு மனித உடல் ஒரு மணி நேரத்தில் எரிக்கக்கூடியது சுமாராக அந்தப் பத்தில் ஒன்றைத்தான்.

இல்லை என்று சொல்வதற்கும் கைப்பழக்கம் வேண்டும். நண்பர்கள் முன்னால் சொல்லக் கூடாது. குரலைத் தாழ்த்த வேண்டும். "நீங்கள் போதையில் இருக்கிறீர்கள்" என்று சொன்னால் சண்டைதான் வரும். "இப்போதைக்கு என்னால இன்னொன்னு தர முடியாதுங்க, தண்ணி கொண்டு வரேன்" என்றால் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்வார்கள். சொல்வதற்கு முன்பே கூட வேலை செய்பவருக்குக் கண் காட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த விருந்தினர் மறுபக்கம் போய் அங்கே வாங்கிக்கொள்வார். எங்கள் பேட்ச்சில் ஆசிரியரே குடித்தவராக நடித்து எங்களைக் கெஞ்சினார், மிரட்டினார், பாராட்டினார். ஒவ்வொருவரும் மூன்று தடவையாவது மறுத்துக் காட்டிய பிறகுதான் விட்டார். அப்போது எல்லாரும் சிரித்துக்கொண்டே செய்தோம். முதல்முறை நிஜத்தில் மறுக்க வேண்டி வந்தபோது, வாய் தானாக அந்த வார்த்தைகளைச் சொன்னது.

ஆகவே நான் கேட்பவை இவை. அடுத்த பேட்ச் தொடங்கும் முன் ஐஸையும் புதிய பழச்சாற்றையும் வகுப்புக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். மது வேண்டாம் என்றால் தேநீரை வைத்தாவது நடத்துங்கள், வண்ணத் தண்ணீரை எடுத்துவிடுங்கள். நிதானம் இழந்தவருக்கு மறுக்கும் பாடத்தை நேரில், நடித்துப் பழகும் வகுப்பாக நடத்துங்கள். அதில் தேறாத யாருக்கும் சான்றிதழ் கொடுக்காதீர்கள். 120ஐக் கைவிட்டு, குடும்பம் குடும்பமாகச் சொல்லிக்கொடுத்து, தேர்வில் பட்டியலைக் கேட்பதற்குப் பதிலாக ஒரு பானத்தைச் சுவைத்துத் திருத்தச் சொல்லுங்கள். உலர்பனியையும் நைட்ரஜனையும் பாடத்திலிருந்து உடனே நீக்குங்கள். ஃபிளேரை விரும்புகிறவர்களுக்குத் தனி வகுப்பாக வையுங்கள். 8 வாரத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாவிட்டால், 4 வாரச் சான்றிதழில் 'அறிமுகப் பயிற்சி' என்று தெளிவாக அச்சிடுங்கள். இப்போது அதில் 'தொழில்முறை பார்டெண்டர்' என்று இருக்கிறது.

அப்புறம், சோதனைக்கு ஆளான அந்த இரண்டு பேட்ச் மாணவர்கள். அவர்கள் முழுக் கட்டணம் கட்டியவர்கள். அவர்களைத் திரும்ப அழைத்து, விட்டுப்போன செய்முறை வகுப்புகளைக் கட்டணம் வாங்காமல் நடத்தித் தாருங்கள். இடமும் ஐஸும் இல்லை என்றால் எங்கள் பாரில் திங்கட்கிழமை காலையில் கவுண்டர் காலியாகத்தான் இருக்கிறது. உரிமையாளரிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டேன். வகுப்பெடுக்க நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

இந்த மாத முடிவுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். அதுவரை உங்கள் சான்றிதழோடு வருபவர்களை நான் திருப்பி அனுப்ப மாட்டேன், அது அவர்கள் குற்றமில்லை. ஆனால் யாரையும் நேராகக் கவுண்டரில் நிறுத்தவும் மாட்டேன். முதல் நாள் ஸ்கூப்பைக் கையில் கொடுத்து, ஐஸ் தொட்டியிலிருந்து தொடங்குவேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி